கத்திரி வெயிலில் நாயோடு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பாதி தாண்டிவிட்டால் நாய் வளர்க்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான்: காலையில் கூட்டிப்போவதா, சாயங்காலமா, இல்லை வெயில் தணியும்வரை வெளியே விடாமலே இருப்பதா? அடைத்து வைக்க வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். நேரம், தரை, வேகம் மூன்றையும் மாற்றிக்கொண்டால் மே மாதத்திலும் நாயோடு சந்தோஷமாக வெளியே போய்வரலாம். சென்னை மாதிரி கடலோர ஊர்களையும் வேலூர், திருச்சி, மதுரை மாதிரி உள்மாவட்ட ஊர்களையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எத்தனை மணிக்குக் கூட்டிப்போவது நல்லது?

விடியற்காலை. மே மாதத்தில் சென்னையில் 5.45 மணிக்கெல்லாம் சூரியன் எட்டிப்பார்த்துவிடும். அதற்கு முன்பே கிளம்பி, ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடல்காற்று வீசும்போது நமக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் பகல் முழுக்க வெந்த தார் ரோடும் சிமென்ட் தரையும் மதில் சுவரும் பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். காற்று நம் முகத்தில் படுகிறது. நாயின் வயிறோ தரைக்கு ஓர் அடி, ஒன்றரை அடி மேலே இருக்கிறது. அதனால் மாலையில் மட்டுமே நேரம் கிடைக்கிறவர்கள் எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் போங்கள். கையில் டார்ச் இருக்கட்டும். கோடை ராத்திரிகளில் பாம்பு நடமாட்டம் அதிகம். புதர் ஓரத்தில் நாய் மூக்கை நுழைக்கும் முன் வெளிச்சம் அங்கே விழ வேண்டும்.

வெயிலே இல்லாத நேரத்திலும் என் நாய்க்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் வியர்க்கும், அதுவும் பெயருக்குத்தான். உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்கு இருக்கிற பெரிய வழி, நாக்கைத் தொங்கப்போட்டு வேகவேகமாக மூச்சுவிடுவது. நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது சூடு இறங்குகிறது.

அந்த ஈரம் ஆவியாக வேண்டுமென்றால் காற்று வறண்டிருக்க வேண்டும். சென்னை, கடலூர், தூத்துக்குடிப் பக்கம் விடியற்காலையில் வெப்பமானி 28 டிகிரிதான் காட்டும், ஆனால் காற்று ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டும். அந்தப் புழுக்கத்தில் நாய் எவ்வளவு மூச்சிரைத்தாலும் சூடு சரியாக இறங்காது. வேலூரில் வெயில் அதிகம், புழுக்கம் குறைவு. சென்னையில் நேர்மாறு. ஆகவே செல்போனில் டிகிரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். படியிறங்கும்போதே உங்கள் சட்டை முதுகில் ஒட்டினால், அன்றைக்கு நடையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

தரை சுடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

புறங்கையைத் தரையில் அழுத்தி வையுங்கள். ஐந்து விநாடி தாங்கவில்லை என்றால் நாயை அதில் நடத்தக்கூடாது, அவ்வளவுதான். வீட்டு வாசலில் மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். வாசலில் வேப்பமர நிழல் இருக்கும், திருப்பத்தில் இருக்கும் தார் ரோடு காலையிலிருந்து காய்ந்துகொண்டிருக்கும். போகிற வழியில் எது மோசமான இடமோ அங்கே கை வைத்துப் பாருங்கள். மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடு, சாக்கடை மூடி, கோயில் வாசல் கருங்கல் எல்லாம் தார் ரோட்டைப் போலவே காலைப் பொசுக்கும்.

பாதம் சுட்டுவிட்டால் நாய் உடனே கத்தாது. நடுவில் நின்று ஒரு காலைத் தூக்கும், புல் இருக்கும் ஓரமாக இழுக்கும், வீட்டுக்கு வந்ததும் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். அப்போது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுத்த, கெட்டியான மேல்தோலுக்கு நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தாலோ, ஓரத்தில் தோல் மெல்லிசாக உரிந்திருந்தாலோ அது சுட்ட புண். நல்ல தண்ணீரில் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும்.

நாய்க்கு ஷூ போடலாமா என்றும் கேட்கிறார்கள். பழகிய நாய்க்குப் போடலாம். ஆனால் ஷூ தேவைப்படுகிற அளவுக்குத் தரை சுட்டால், அந்த நேரத்தில் வெளியே போவதே தப்பு.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

கோடையில் தூரக் கணக்கை விட்டுவிடுங்கள். டிசம்பரில் மூன்று கிலோமீட்டர் நடந்த நாயை மே மாதமும் மூன்று கிலோமீட்டர் நடத்துவதில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பத்தால் நோயுற்ற நாய்களில் ஏறக்குறைய முக்கால்வாசிக்குக் காரணம் உடற்பயிற்சிதான் என்று தெரிந்தது. காருக்குள் அடைபட்ட நாய்களைவிட, ஆசையாக வெளியே கூட்டிப்போன நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டிருக்கின்றன. குளிர்நாடான அங்கேயே இந்த நிலைமை.

நாய் தானாக நிறுத்தாது. நீங்கள் முன்னால் போனால் அது பின்னால் வரும், உயிர் போகிற களைப்பிலும் வரும். எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான்.

என் யோசனை இது: இருபது நிமிடம், மெதுவான நடை, வழியை நாய் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு மரத்தடியிலும், காம்பவுண்டு மூலையிலும், கரண்ட் கம்பத்திலும் வேண்டிய மட்டும் மோந்து பார்க்கட்டும். கயிற்றை இழுக்காதீர்கள். ஒரே கம்பத்தடியில் இரண்டு நிமிடம் நின்றாலும் நில்லுங்கள். நேற்று ராத்திரி அந்த வழியாக யார் போனார்கள் என்பதையெல்லாம் அது அங்கே படித்துக்கொண்டிருக்கிறது. இப்படிப் போன நாய், அவசர அவசரமாக ஒரு மணிநேரம் இழுத்துப்போன நாயைவிட நிம்மதியாகத் தூங்கும்.

பைக்கிலோ சைக்கிளிலோ கயிற்றைக் கட்டி ஓடவிடலாமா? நேரம் மிச்சமாகிறதே.

தயவுசெய்து வேண்டாம். எந்த மாதத்திலும் வேண்டாம், கோடையில் கண்டிப்பாக வேண்டாம். வண்டியின் வேகம் உங்கள் கையில் இருக்கிறது. நாய்க்கு நிற்கவும் வழியில்லை, நிழலில் ஒதுங்கவும் வழியில்லை. அது தள்ளாடத் தொடங்குவது முன்னால் பார்த்து ஓட்டுகிற உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நேரமில்லை என்றால் பத்து நிமிடம் நடந்து கூட்டிப்போங்கள், அது போதும்.

பந்து எறிந்து விளையாடுவது?

விடியற்காலையில், புல்தரையில், நாலைந்து தடவை. பந்து என்றால் சில நாய்களுக்கு வெறி, குறிப்பாக லேப்ரடாருக்கு. நாக்கு அகலமாகி, நுனி கரண்டி போல விரிந்து தொங்கத் தொடங்கினால் பந்தைப் பைக்குள் போட்டுவிடுங்கள். அது இன்னும் கேட்கும். நீங்கள் கொடுக்கக் கூடாது.

எங்களுடையது நாட்டு நாய். அதற்கு வெயில் ஒன்றும் செய்யாதுதானே?

பாதி சரி. சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பாருங்கள்: ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, படிந்த குட்டை முடி, உடம்பில் கொழுப்பே இல்லை. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் காட்டு வெயிலில் முயல் விரட்டி வளர்ந்த இனம். ஹஸ்கியைவிடவும் செயின்ட் பெர்னார்டைவிடவும் நம் வெயிலை எத்தனையோ மடங்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அவை குறுகிய ஓட்டத்துக்காரர்கள். பாய்ந்து ஓடும்போது உடம்புச் சூடு மளமளவென்று ஏறும். காட்டில் விட்டால் ஓடி முடித்து நிழலில் படுத்துக்கொள்ளும். நம்மோடு கயிற்றில் வரும்போது அந்த நிழலை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

ராஜபாளையம் நாய்க்கு வேறு கவனம் வேண்டும். வெள்ளை முடிக்கு அடியில் தோலும் மூக்கும் இளஞ்சிவப்பு. மூக்கு நுனி, காதோரம், வயிறு எல்லாம் வெயிலில் சிவந்து புண்ணாகும். மனிதர்கள் பூசும் சன்ஸ்கிரீனைப் பூசாதீர்கள், நாய் நக்கினால் அதில் உள்ள சில பொருட்கள் நஞ்சு. நாய்க்கென்று வருவதை டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். எட்டு மணிக்கு மேல் வெயிலில் நிறுத்தாமல் இருப்பது அதைவிட நல்லது.

இன்னொன்று: நாட்டு நாயாகவே இருந்தாலும் பிறந்ததிலிருந்து ஏ.சி. அறையிலேயே படுத்திருந்தால் அதற்கு வெயில் பழக்கமில்லை. உடம்பு வெயிலுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.

பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள்?

மூச்சுவிட்டுத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், மூச்சுப்பாதையே குறுகல். இந்த நாய்களுக்குக் கோடையில் காலைக்கடன் கழிக்க ஐந்து, பத்து நிமிடம் வெளியே போய்வந்தால் போதும். மீதி விளையாட்டு வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில். மூச்சுவிடும்போது குறட்டை போல, கரகரவென்று சத்தம் வந்தால் உடனே திரும்பிவிடுங்கள். குண்டான நாய், வயதான நாய், இதயக் கோளாறு உள்ள நாய் எல்லாவற்றுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

முடியை மொட்டை அடித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமா?

ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இரட்டை அடுக்கு முடி நாய்களுக்கு வேண்டாம். வெயில் நேராகத் தோலில் அடிக்கும், திரும்ப முளைக்கும் முடியும் ஒழுங்காக வராது. அடிமுடியைச் சீப்பால் நன்றாக வாரி எடுங்கள். பாதத்தின் இடுக்கில் இருக்கும் முடியை மட்டும் வெட்டுங்கள்.

தண்ணீர், சாப்பாடு?

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளுக்குச் சுமார் 50, 60 மில்லி தண்ணீர் என்பது சாதாரணக் கணக்கு. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். கோடையில் அதைவிடக் கூடுதலாகவே குடிக்கும். நடையின்போது ஒரு பாட்டிலும் மடக்குக் கிண்ணமும் கையில் இருக்கட்டும். ஒரேயடியாகக் குடிக்கவிடாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

உப்பு போடாத மோர், விதை எடுத்த தர்பூசணி, கொஞ்சம் இளநீர் எல்லாம் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். தயிர்சாதம் கொடுக்கலாம், வெங்காயம் கலக்கக் கூடாது. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஒன்றுகூட வேண்டாம். கோடை நடையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மாங்கொட்டை. மே மாதம் எந்தத் தெருவுக்குப் போனாலும் சூப்பிப் போட்ட கொட்டை கிடக்கும். நாய் அப்படியே விழுங்கிவிடும், குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். குப்பைத்தொட்டிப் பக்கம் கயிற்றைக் கிட்டப் பிடியுங்கள்.

நடை முடிந்ததும் சோற்றை வைக்காதீர்கள். மூச்சிரைப்பு முழுக்க அடங்கி, ஒரு மணிநேரம் போகட்டும். பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு.

கடற்கரைக்குக் கூட்டிப்போகலாமா?

போகலாம், விடிவதற்குள். ஈர மணலில் நடப்பது பாதத்துக்கு நல்லது. காய்ந்த மணல் எட்டு மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். கடல் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள். அலையில் விளையாடும்போது வாய் நிறையக் குடித்துவிடும், உப்பு ஏறினால் வாந்தி, பேதி, அளவு மீறினால் வலிப்புகூட வரும். நல்ல தண்ணீரை முதலிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட்டு இறக்குங்கள், வந்ததும் உடம்பை அலசிவிடுங்கள்.

கடற்கரை விஷயத்தில் எனக்கு இன்னொரு கவலை உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் ராத்திரி நேரத்தில் முட்டையிட வருகின்றன. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். குஞ்சு பொரிப்பது கோடைவரை நீள்கிறது. ஆமைக் கூட்டைத் தோண்டுவதில் நாய்தான் முதல் ஆள். அந்த மாதங்களில் கடற்கரையில் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே வேண்டாம்.

கிணறு, குளம், பம்புசெட் தொட்டி?

கோடையில் நாய்க்கு நீச்சலைவிட நல்ல உடற்பயிற்சி கிடையாது. பம்புசெட் தொட்டி அருமையான இடம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆழமும் குறைவு. நாய் தானாக ஏறி வர வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வழுவழுப்பான சிமென்ட் சுவரில் நகம் பிடிக்காது. கல்லை அடுக்கியோ பலகையைச் சாய்த்தோ ஒரு படி செய்துகொடுங்கள். படி இல்லாத கிணற்றில் இறக்கவே கூடாது. பச்சைப் பசேலென்று பாசி மிதக்கும் குட்டையும் வேண்டாம், சில பாசிகள் விஷம்.

வாயைக் கட்டாமல் கூட்டிப்போனால் தெருவில் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?

கட்டுங்கள், ஆனால் துணியில் வாயை இறுக்கி மூடுகிற வகையால் கட்டாதீர்கள். வாயைத் திறக்க முடியாத நாயால் நாக்கை வெளியே விட முடியாது, கோடையில் அது உயிரோடு விளையாடுவது. கூடை போன்ற வாய்க்கவசம் கிடைக்கிறது. அதற்குள் வாயைத் திறக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். அதே காரணத்துக்காக, இழுத்துக்கொண்டு போகும் நாய்க்குக் கழுத்துப்பட்டையைவிட நெஞ்சோடு போடுகிற பட்டை நல்லது.

ஹீட் ஸ்ட்ரோக் என்று எப்படித் தெரியும்? என்ன செய்ய வேண்டும்?

நாயின் இயல்பான உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்பது அதற்குச் சாதாரணம். 104-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிட்டது, 106-க்குப் போனால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

நிழலில் நிறுத்திய பிறகும் மூச்சிரைப்பு அடங்காமல் கூடிக்கொண்டே போவது முதல் அடையாளம். எச்சில் கெட்டியாகி நூல் நூலாக ஒழுகும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு செக்கச் செவேலென்று இருக்கும். பின்னங்கால் தள்ளாடும், கூப்பிட்டால் பார்க்காது. வாந்தி, பேதி, மயக்கம், வலிப்பு என்று போனால் நேரம் மிகக் குறைவு.

முதலில் குளிர்வியுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. இந்த வரிசையை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அள்ளிப்போட்டுக்கொண்டு ஆட்டோ தேடி ஓடும் அந்த இருபது நிமிடத்தில் உள்ளே சூடு வேலையைக் காட்டிக்கொண்டே இருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றுங்கள், ஃபேனைப் போடுங்கள், ஃபேன் இல்லாவிட்டால் அட்டையால் விசிறுங்கள். திடகாத்திரமான இளம் நாயாக இருந்தால், தலையை மேலே பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே இறக்கலாம். வயதான, நோயுள்ள நாய்க்கு ஊற்றி விசிறுவது போதும். குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று முன்பு சொல்வார்கள். இப்போது கால்நடை மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை, நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும். நம் ஊரில் சிக்கல் வேறு: மதியம் குழாயைத் திறந்தால் மொட்டை மாடி டேங்கிலிருந்து சுடுதண்ணீர்தான் வரும். சம்ப்பிலிருந்தோ குடிதண்ணீர் கேனிலிருந்தோ எடுத்து ஊற்றுங்கள்.

ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை நாய்க்கு நஞ்சாகவும் ஆகலாம். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்த்து 103-க்கு வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, வண்டி ஜன்னலைத் திறந்துவைத்துக் கிளம்புங்கள். எழுந்து வாலாட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறையாத பிரச்சினையும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தலைகாட்டும். ராத்திரியிலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து போனில் பதிந்துவையுங்கள்.

விடியற்காலையில் தெருநாய்கள் கூட்டமாக வருகின்றனவே?

அவையும் வெயிலுக்கு முன் வெளியே வருகிற நேரம் அது. ஓடாதீர்கள், கல்லைத் தூக்காதீர்கள். உங்கள் நாயை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, கயிற்றை இறுக்காமல், நேராக நடந்துவிடுங்கள். தினமும் ஒரே வழியில் போனால் சில வாரங்களில் அவை உங்களைக் கண்டுகொள்ளாது. வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேதி தாண்டாமல் இருக்கட்டும்.

உண்ணி?

கோடையில் பெருகும், உண்ணிக்காய்ச்சல் நாயின் உயிரையே வாங்கும். நடை முடிந்ததும் காதுக்குள், விரலிடுக்கில், பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். மருந்தை டாக்டர் சொல்கிற இடைவெளியில் தவறாமல் கொடுங்கள்.

நடையைக் குறைத்தால் வீட்டில் செருப்பையெல்லாம் கடித்து வைக்கிறதே?

மூளைக்கு வேலை கொடுங்கள். பழைய துண்டில் பிஸ்கட்டைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் வீடெங்கும் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். பத்து நிமிடத் தேடலில் களைத்துப் படுத்துவிடும். நடை குறைந்திருப்பதால் சாப்பாட்டையும் கொஞ்சம் குறையுங்கள்.

கத்திரி முடிந்ததும் பழையபடி நடக்கலாமா?

நாட்காட்டியை நம்பாதீர்கள். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான அதிகபட்ச வெயில் 45 டிகிரி, அடித்த நாள் 2003 மே 31. கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாளில் ஜூன் மாதத்திலும் சென்னையில் 40 அடிக்கும். தென்காசி, கோவைப் பக்கம் ஜூனில் சாரலும் காற்றும் தொடங்கியதும் நடையைக் கூட்டலாம். சென்னை, வேலூர், திருச்சிக்காரர்கள் ஜூன் முழுக்க விடியற்காலை நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை இரண்டு மூன்று பெய்து ராத்திரிப் புழுக்கம் குறைந்த பிறகு, வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் நடையைக் கூட்டிக்கொண்டே போங்கள்.